கூரை மின்சாரத்தின் கணக்கு: காட்டேரிக்குப்பத்தில் ஒரு யூனிட்டின் விலை

வீட்டின் மொட்டை மாடியிலோ தொழிற்கூடத்தின் கூரையிலோ சூரிய மின் அமைப்பை நிறுவ எவ்வளவு செலவாகும் என்பது இன்று நகரங்களைப் போலவே கிராமங்களிலும் பரவலாகக் கேட்கப்படும் கேள்வியாகிவிட்டது. தகட்டின் விலையைச் சொல்லி அதற்கு விடையளித்துவிட முடியாது, ஏனெனில் சூரிய மின்சாரத்தில் பணம் செலவாகும் முறையே மற்ற மின்சாரத்திலிருந்து வேறுபட்டது. நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரத்துக்கு எரிபொருள் தீரத் தீரச் செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும், நுகர்வோரும் அதை மாதக் கட்டணமாகச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். சூரிய ஒளிக்கு விலை இல்லை என்றாலும், அதை மின்சாரமாக மாற்றும் கருவிகளுக்கான பணத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தாக வேண்டும் என்பதால், அடுத்த 25 ஆண்டுகளில் கிடைக்கவிருக்கும் மின்சாரத்தின் விலையில் பெரும்பகுதி முதல் நாளிலேயே செலுத்தப்பட்டுவிடுகிறது. ஆகவே இந்தச் செலவை மதிப்பிட இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். கூரையில் உற்பத்தியாகும் ஒரு யூனிட் என்ன விலைக்கு அடங்குகிறது என்பது ஒன்று, அந்த யூனிட் மின்கட்டணப் பட்டியலில் எந்த விலையுள்ள யூனிட்டுக்கு ஈடாகிறது என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கான விடையை இயற்பியலும் சந்தையும் தருகின்றன, இரண்டாவதற்கான விடையை மின்கட்டணக் கொள்கை தருகிறது.

புதுச்சேரியின் மேற்கே, மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள காட்டேரிக்குப்பம் இந்த இரு கேள்விகளையும் ஒருசேரப் பார்ப்பதற்கு ஏற்ற ஊர். நெல்லும் கரும்பும் விளையும் வயல்களும், அதே கொம்யூனின் திருபுவனையில் உள்ளது போன்ற தொழிற்பேட்டைகளும் அருகருகே அமைந்த வட்டாரம் இது. காரைக்காலில் இயங்கும் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையத்தைத் தவிரப் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குச் சொந்தமான பெரிய மின்நிலையம் வேறில்லாததால், இவ்வூர்களின் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் பெரும்பங்கு மத்திய அரசின் மின்நிலையங்களிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து வருகிறது. அதை வாங்கி விநியோகிக்கும் பொறுப்பு புதுச்சேரி அரசின் மின்துறையிடமும், அதன் விலையை வகுக்கும் பொறுப்பு கோவா மாநிலத்துக்கும் ஒன்றியப் பகுதிகளுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடமும் உள்ளன.

ஒளி மின்சாரமாவது எப்படி

ஒளி பட்டால் சில பொருள்களில் மின்னோட்டம் தோன்றுகிறது என்பதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மண்ட் பெக்கரல் 1839இல் கண்டறிந்தார். அந்த விளைவைப் பயன்படுத்தி நடைமுறைக்கு உதவும் சிலிக்கன் மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954இல் உருவாக்கியபோது, அதன் மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 சதவீதம் மட்டுமே மின்சாரமாயிற்று. சிலிக்கன் படிகத்தில் கட்டுண்டிருக்கும் எலக்ட்ரானை விடுவிப்பதற்கு ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவைப்படுகிறது. அதைவிடக் குறைந்த ஆற்றலுடைய ஒளித்துகள்கள் பயனற்றுக் கடந்து செல்ல, மிகுந்த ஆற்றலுடையவை தம் உபரியை வெப்பமாக இழக்கின்றன. இந்த இழப்பு பொருளின் இயல்பிலேயே அமைந்திருப்பதால், ஒற்றைச் சந்தி கொண்ட சிலிக்கன் கலத்தின் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட முடியாது. இன்று சந்தையில் கிடைக்கும் தகடுகள் 20 முதல் 22 சதவீதம் வரையான திறனை எட்டியுள்ளன.

தெளிந்த வானில் நண்பகல் ஒளி ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் அளவில் விழுவதால், 20 சதவீதத் திறனுள்ள தகடு அந்தப் பரப்பிலிருந்து 200 வாட் தரும். அதன்படி ஒரு கிலோவாட் பெற 5 சதுர மீட்டர் தகடு தேவைப்படும் என்றாலும், ஒன்றன் நிழல் மற்றொன்றின் மேல் விழாதிருக்கவும் துடைப்பதற்கு ஆள் நடமாடவும் இடம் விட வேண்டியிருப்பதால் கூரையில் ஏறத்தாழ 10 சதுர மீட்டர், அதாவது 100 சதுர அடிக்குச் சற்று மேல் ஒதுக்குவது வழக்கம். கிலோவாட் என்பது ஒரு கணத்தில் வெளிப்படும் திறனின் அளவு, யூனிட் என்பது ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்யும்போது செலவாகும் ஆற்றலின் அளவு. காலையும் மாலையும் ஒளி சாய்வாக விழுவதையும் மேகமூட்டத்தையும் கழித்துப் பார்த்தால், ஒரு கிலோவாட் அமைப்பு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்று கொள்வது பொதுவான, அடக்கமான மதிப்பீடாகும்.

காட்டேரிக்குப்பம் ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் அமைந்திருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. ஆண்டு முழுவதற்குமான விளைச்சலை மிகுதியாக்க, தகடுகளைத் தெற்கு நோக்கி அந்த அட்சரேகைக்கு இணையான சாய்வில் பொருத்துகின்றனர், அந்தச் சாய்வு மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லவும் உதவுகிறது. கோடை வெயிலில்தான் மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் என்ற பொது எண்ணம் பாதி மட்டுமே சரியானது. தகட்டின் மேல் குறிக்கப்பட்டிருக்கும் திறன் அதன் கலங்கள் 25 பாகை செல்சியசில் இருக்கும்போது அளந்த திறன், ஆனால் கோடை நண்பகலில் கலங்களின் வெப்பம் 60 பாகையை எட்டக்கூடும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் திறன் குறைவதால், அந்த நேரத்தில் எட்டில் ஒரு பங்கு மின்சாரம் வெப்பத்தாலேயே இழக்கப்படுகிறது. இதனால்தான் தகடுகளைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல், அடியில் காற்று புகுந்து செல்லும்படி உயர்த்திக் கட்டுகின்றனர். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் உற்பத்தி சராசரிக்குக் கீழே இறங்கும், எனவே மாதக் கணக்கைவிட ஆண்டுக் கணக்கே நம்பத்தக்கது.

செலவின் கூறுகள்

காட்டேரிக்குப்பத்துக்குக் கிழக்கே, ஆரோவில்லின் மாத்திர்மந்திருக்கு மின்சாரம் தருவதற்காக 1990களில் அமைக்கப்பட்ட சூரிய மின்நிலையம் 75 வாட் திறனுள்ள 484 தகடுகளால் ஆனது, அதன் மொத்தத் திறன் 36.3 கிலோவாட். அதே திறனை இன்று வழக்கத்திலுள்ள 540 வாட் தகடுகளில் 68ஐக் கொண்டே பெற்றுவிடலாம். தகட்டின் எண்ணிக்கை குறையும்போது அதைத் தாங்கும் சட்டம், இணைக்கும் கம்பி, பொருத்தும் கூலி ஆகிய அனைத்தும் சேர்ந்து குறைகின்றன. உலகில் இதுவரை உற்பத்தியான சூரியத் தகடுகளின் மொத்த அளவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றின் விலை ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்துவந்திருக்கிறது. இந்தப் போக்கை முதலில் எடுத்துக்காட்டிய பொறியாளர் ரிச்சர்ட் ஸ்வான்சனின் பெயரால் இது ஸ்வான்சன் விதி எனப்படுகிறது. சேர்ந்துகொண்டே போகும் உற்பத்தி அனுபவம் விலையைக் குறைக்கிறது என்பதே அதன் சாரம்.

தகடுகள் மலிவாக ஆக, மொத்தச் செலவில் மற்றவற்றின் பங்கு கூடியிருக்கிறது. வீட்டு அமைப்பில் ஏறத்தாழப் பாதிச் செலவு தகடுகளுக்கும், மீதி மற்ற கருவிகளுக்கும் வேலைக்கும் ஆகிறது. அவற்றுள் முதன்மையானது இன்வெர்ட்டர். தகடு தரும் நேர்மின்னோட்டத்தை வீட்டுக் கருவிகளும் மின்வலையும் ஏற்கும் மாறுமின்னோட்டமாக மாற்றுவது அதன் வேலை. அதையடுத்து, துருப்பிடிக்காதபடி துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், கம்பிகள், பாதுகாப்புப் பெட்டிகள், நில இணைப்பு, இடிதாங்கி, இருவழி மீட்டர் ஆகியவை வருகின்றன. பட்டியலில் சிறியவையாகத் தோன்றும் நில இணைப்பையும் இடிதாங்கியையும் குறைத்து மிச்சம் பிடிப்பது, ஒரே இடியில் இன்வெர்ட்டரை இழக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடக்கூடும்.

இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் செலவு கூரையுடையது. தகடும் சட்டமும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோவுக்குக் குறையாத எடையை ஏற்றுகின்றன, கான்கிரீட் தளம் அதை எளிதாகத் தாங்கும். நாட்டு ஓடு, கல்நார்த் தகடு, கீற்று ஆகியவற்றால் வேய்ந்த வீடுகளுக்கு, கூரையைச் சாராமல் தரையிலிருந்து தூண் எழுப்பித் தனிச் சட்டம் கட்ட வேண்டும் என்பதால் செலவு கூடுகிறது. இத்தகைய வீடுகளில் வாழ்வோர் பெரும்பாலும் குறைந்த வருவாய் உடையவர்கள் என்பதால், தொழில்நுட்பக் காரணம் ஒன்று சமூகக் காரணமாகவும் ஆகிவிடுகிறது.

மானியமும் ஒரு யூனிட்டின் அடக்க விலையும்

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், 75,021 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின் அமைப்பை நிறுவுவதை இலக்காகக் கொண்டது. அடிப்படை விலையாக முதல் இரண்டு கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாயையும் மூன்றாவதற்கு 45,000 ரூபாயையும் எடுத்துக்கொண்டு, முன்னதில் 60 சதவீதத்தையும் பின்னதில் 40 சதவீதத்தையும் அரசு ஏற்கிறது. அதனால் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றுக்கும் அதற்கு மேற்பட்ட திறனுக்கும் உச்சவரம்பாக 78,000 ரூபாயும் மானியமாகக் கிடைக்கின்றன. இந்த மானியத்தைப் பெற, கலங்கள் உட்பட இந்தியாவிலேயே செய்யப்பட்ட தகடுகளைப் பயன்படுத்த வேண்டும். அவை இறக்குமதிக் கலங்களால் ஆன தகடுகளைவிட விலை கூடியவை என்பதால், சந்தையில் கேட்கப்படும் விலை அரசின் அடிப்படை விலையைத் தாண்டுவது இயல்பு. சூரிய மின் கருவிகளுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது இந்த இடைவெளியை ஓரளவு சுருக்கியிருக்கிறது.

கணக்கிட வசதியாக, மூன்று கிலோவாட் அமைப்பு ஒன்றின் முழுச் செலவு 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். மானியம் போக வீட்டுக்காரர் ஏற்பது 1,02,000 ரூபாய். நாளொன்றுக்குக் கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்ற விகிதத்தில் முதலாண்டில் 4,380 யூனிட் உற்பத்தியாகும். தகடுகளின் திறன் ஆண்டுதோறும் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் தேய்ந்துவருவதைக் கழித்தால் 25 ஆண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் யூனிட் கிடைக்கும். இடையில் ஒருமுறை இன்வெர்ட்டரை மாற்ற 30,000 ரூபாயும், பராமரிப்புக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாயும் சேர்த்தால் மொத்தச் செலவு 1,69,500 ரூபாய் ஆகிறது, அதன்படி ஒரு யூனிட்டின் அடக்க விலை ஒரு ரூபாய் 70 காசு.

இந்த எண் கவர்ச்சியானது, ஆனால் முழுமையானது அன்று, ஏனெனில் முதல் நாளில் கொடுத்த பணம் வேறிடத்தில் இருந்திருந்தால் வட்டி ஈட்டியிருக்கும் என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. ஆண்டுக்கு 7 சதவீத வட்டியைச் சேர்த்து, முதலீட்டை 25 சம ஆண்டுத் தவணைகளாகப் பிரித்துப் பார்த்தால், மானியத்தோடு ஒரு யூனிட் ஏறத்தாழ 2 ரூபாய் 85 காசும், மானியம் இல்லாமல் 4 ரூபாய் 50 காசும் ஆகின்றன. முதலீடு, வட்டி, பராமரிப்பு ஆகிய அனைத்தையும் ஆயுட்கால உற்பத்தியின் மேல் சமமாகப் பரப்பிப் பெறும் இந்த விலையைப் பொருளியலாளர்கள் சமன்செய்த அடக்க விலை என்பர். வெவ்வேறு வகை மின்சாரங்களை ஒப்பிடுவதற்கு உகந்த அளவுகோல் இதுவே.

கட்டண அடுக்குகளும் சேமிப்பும்

கூரை மின்சாரம் மின்வலையோடு இணைந்து இயங்கும்போது, பகலில் வீட்டுத் தேவை போக மிஞ்சுவது வெளியே செல்கிறது, இரவில் தேவைப்படுவது உள்ளே வருகிறது. இரண்டையும் தனித்தனியே பதிவு செய்யும் இருவழி மீட்டரின் உதவியால், வெளியே சென்றதைக் கழித்து எஞ்சிய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் பெறும் முறை நிகர மின்னளவீடு எனப்படுகிறது. புதுச்சேரியில் இது இணை ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் நடைபெறுகிறது. இம்முறையில் கூரையில் விளையும் ஒவ்வொரு யூனிட்டும் கட்டணச் சீட்டிலிருந்து ஒரு யூனிட்டை நீக்குகிறது. நீக்கப்படுவது மிக உயர்ந்த கட்டண அடுக்கிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும் என்பதே செலவுக் கணக்கின் திறவுகோல்.

புதுச்சேரியில் மின்கட்டணம் மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டண ஆணை, வீட்டு இணைப்புகளுக்கு முதல் 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 70 காசும், 101 முதல் 200 வரை 4 ரூபாயும், 201 முதல் 300 வரை 6 ரூபாயும், 300க்கு மேல் 7 ரூபாய் 50 காசும் விதித்தது. கட்டணங்கள் அவ்வப்போது மாற்றப்படுபவை என்றாலும், குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் குறைந்த விலை, மிகுதியாகப் பயன்படுத்துவோருக்கு உயர்ந்த விலை என்ற இந்தப் படிநிலை அமைப்பே கணக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது.

குளிர்சாதனக் கருவியும் நீரேற்றும் மோட்டாரும் இயங்கும் காட்டேரிக்குப்பத்து வீடு ஒன்று மாதம் 400 யூனிட் செலவழிப்பதாகக் கொள்ளலாம். அந்த ஆணையின்படி, நிலைக்கட்டணத்தைத் தவிர்த்து அதன் மாதக் கட்டணம் 2,020 ரூபாய். மூன்று கிலோவாட் அமைப்பு மாதம் 360 யூனிட் தந்தால் எஞ்சிய 40 யூனிட்டுக்கு 108 ரூபாய் செலுத்தினால் போதும், மாதச் சேமிப்பு 1,912 ரூபாய். 1,02,000 ரூபாய் முதலீடு நான்கரை ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடு, மானியம் போக 60,000 ரூபாயில் இரண்டு கிலோவாட் அமைத்துத் தன் தேவை முழுவதையும் ஈடு செய்துகொண்டாலும், மிச்சமாவது மாதம் 670 ரூபாய் மட்டுமே, எனவே முதல் திரும்ப ஏழரை ஆண்டு ஆகிறது. மாதம் 100 யூனிட்டோடு நிற்கும் எளிய வீட்டில் ஒரு கிலோவாட் அமைப்பு மாதம் 270 ரூபாயை மிச்சப்படுத்தும். சிறிய அமைப்புகளில் கிலோவாட்டுக்கான செலவு கூடுதல் என்பதால் 70,000 ரூபாய் விலையும் 30,000 ரூபாய் மானியமும் என்று கொண்டால், போட்ட 40,000 ரூபாய் திரும்பப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலாகும். அரசு கீழடுக்குக் கட்டணங்களுக்கு மானியம் தரும் காலங்களில் இந்தக் கால அளவு இன்னும் நீளும்.

கடன் பெற்று அமைப்போருக்கு இந்த வேறுபாடு மேலும் கூர்மையாகத் தெரிகிறது. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு லட்சம் ரூபாய் வரை பிணையில்லாக் கடனை வங்கிகள் குறைந்த வட்டியில் வழங்குகின்றன. ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் பத்தாண்டுத் தவணை என்று கொண்டால், முதல் வீடு மாதம் ஏறத்தாழ 1,184 ரூபாய் செலுத்தி 1,912 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது வீட்டில் 697 ரூபாய்த் தவணையும் 670 ரூபாய்ச் சேமிப்பும் ஏறத்தாழச் சமமாக நிற்கின்றன. மூன்றாவது வீடோ 270 ரூபாயை மிச்சப்படுத்த 464 ரூபாய் செலுத்த வேண்டியதாகிறது. ஒரே சூரியன், ஒரே தகடு, ஒரே மானியத் திட்டம் என்றிருந்தும், பயன் மூன்று வீடுகளுக்கும் மூன்று விதமாக அமைகிறது.

அமைப்பின் அளவைத் தேர்வதற்கும் இதிலிருந்து ஒரு நெறி கிடைக்கிறது. 400 யூனிட் வீட்டில் முதல் இரண்டு கிலோவாட் நீக்கும் 240 யூனிட்டில் பெரும்பகுதி 7 ரூபாய் 50 காசும் 6 ரூபாயும் விலையுள்ளவை என்பதால், அவற்றுக்கான 60,000 ரூபாய் மூன்று ஆண்டும் சில மாதங்களும் கழியுமுன் திரும்பிவிடுகிறது. மூன்றாவது கிலோவாட் கூடுதலாக 42,000 ரூபாய் கேட்கிறது, ஆனால் அது நீக்குவது 4 ரூபாய்க்கும் அதற்குக் கீழும் விலையுள்ள யூனிட்டுகளை மட்டுமே என்பதால் தன் செலவை மீட்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டு எடுத்துக்கொள்கிறது. மாதத் தேவையைத் தாண்டி மிஞ்சும் மின்சாரத்துக்கு ஆணையம் வகுத்த விகிதத்தில் நிதியாண்டு முடிவில் கணக்குத் தீர்க்கப்படும் என்பதால், தேவைக்கு மேல் பெரிதாக அமைப்பதால் ஆதாயம் குறைவு. கொம்யூனின் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் சென்றால் கணக்கு மீண்டும் மாறுகிறது. அங்கே இரு மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கீட்டில் முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம் என்பதால், அந்த யூனிட்டுகளுக்கு ஈடாகக் கூரையில் விளையும் மின்சாரம் குடும்பத்துக்கு எந்தப் பணத்தையும் மிச்சப்படுத்தாது.

மின்தடை, மின்கலம், புயல்

கூரையில் தகடு இருந்தால் மின்தடையின்போதும் விளக்கு எரியும் என்று பலர் நம்புகின்றனர். மின்வலையோடு இணைந்த சாதாரண அமைப்பில் அது நடப்பதில்லை. வலையில் மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது, ஏனெனில் பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் கையில் உள்ள கம்பிக்குள் வீட்டின் மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிருக்கே ஆபத்தாகிவிடும். மின்தடையிலும் மின்சாரம் வேண்டுமெனில் மின்கலத்தோடு இணைந்த கலப்பு வகை இன்வெர்ட்டர் தேவைப்படும், அதற்கான கூடுதல் செலவை மானியம் ஈடு செய்வதில்லை.

மின்கலத்தில் சேமிக்கும் யூனிட்டின் விலையைத் தனியே கணக்கிட வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள ஈய அமில மின்கலம் 15,000 ரூபாய் விலையில் ஐந்தாண்டு உழைப்பதாகக் கொள்ளலாம். அதன் ஆயுள் குன்றாமலிருக்கப் பாதியளவே வெளியேற்ற வேண்டும் என்பதால் நாளொன்றுக்கு 0.9 யூனிட்தான் தரும். ஐந்தாண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,640 யூனிட்டுகளின் மேல் விலையைப் பகிர்ந்தால், சேமிப்புக்கு மட்டும் யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கு மேல் ஆகிறது. லித்தியம் மின்கலங்கள் நீண்ட நாள் உழைத்தாலும் தொடக்க விலை மிகுதி. எனவே மின்வலையையே சேமிப்பிடமாகக் கருதி நிகர மின்னளவீட்டோடு நிறுத்திக்கொள்வது பெரும்பாலான வீடுகளுக்குச் சிக்கனமானது, தடுப்பூசி மருந்தைக் குளிரில் வைத்திருக்கும் சுகாதார நிலையம் போன்ற இடங்களில்தான் அந்தக் கூடுதல் விலை கொடுப்பதற்கு நியாயம் உண்டு.

புயல்களின் வழியில் அமைந்த இந்தக் கரையோர நிலத்தில் சட்டத்தின் உறுதியைச் செலவாகக் கருதாமல் காப்பீடாகக் கருத வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்துப் பல ஊர்களை நாள்கணக்கில் இருளில் ஆழ்த்தியது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கும்படி சட்டத்தை வடிவமைப்பதும், அதன் கால்களைத் தளத்தின் கான்கிரீட்டில் முறையாக ஊன்றி நீர் கசியாதபடி பூசுவதும், இன்வெர்ட்டரை வெள்ளம் எட்டாத உயரத்தில் பொருத்துவதும் விலைப்புள்ளி கேட்கும்போதே எழுத்தில் பெற வேண்டிய உறுதிகள். சட்டத்தை மெலிதாக்கிச் சில ஆயிரம் ரூபாய் குறைத்துத் தரும் விலைப்புள்ளி ஒரே புயலில் முழு முதலீட்டையும் விழுங்கிவிடலாம்.

தொழிற்கூடங்களும் வயல்களும்

பகலில் வேலை நடக்கும் இடங்களில் உற்பத்தியும் தேவையும் ஒரே நேரத்தில் அமைவதால் சூரிய மின்சாரம் இயல்பாகவே பொருந்துகிறது. அரிசி ஆலை, வெல்டிங் பட்டறை, கடை ஆகியவற்றுக்கு வீட்டு மானியம் கிடையாது. ஆயினும் வணிகக் கட்டணத்தில் முதல் யூனிட்டே வீட்டின் கீழடுக்கைவிட விலை கூடியது என்பதால் மானியமின்றியே கணக்கு சரிவருகிறது. கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் வீதம் ஐந்து லட்சம் ரூபாயில் அமைத்த 10 கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு 14,600 யூனிட் தந்து, ஒவ்வொன்றும் 7 ரூபாய் யூனிட்டுக்கு ஈடானால், ஐந்தாண்டுக்குள் முதல் திரும்பும். வருமான வரிக் கணக்கில் இத்தகைய கருவிகளுக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானக் கழிவு உண்டு என்பது வரி செலுத்தும் நிறுவனங்களுக்குக் கூடுதல் பயன். முதலீடு செய்ய இயலாதோர், வேறொரு நிறுவனம் தன் செலவில் தகடுகளை அமைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று விற்கும் ஒப்பந்த முறையையும் நாடலாம்.

வயல்களில் பிரதமரின் குசும் திட்டம் 7.5 குதிரைத்திறன் வரையான தனித்தியங்கும் சூரியப் பம்புகளுக்கு மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு 30 சதவீதமும் ஏற்க வழி செய்கிறது. 5 குதிரைத்திறன் பம்புக்கு ஏறத்தாழ 4.8 கிலோவாட் தகடு தேவைப்படும். ஆனால் பகல் முழுவதும் செலவின்றி ஓடும் பம்பு நிலத்தடி நீரின் மேல் கட்டுப்பாடற்ற சுமையை ஏற்றக்கூடும். கடல்நீர் நிலத்தடியில் புகுந்துவரும் பாகூர் போன்ற பகுதிகளைக் கொண்ட புதுச்சேரியில், சொட்டுநீர்ப் பாசனத்தையும் சூரியப் பம்பையும் சேர்த்தே பரப்ப வேண்டும். மின்சாரம் மலிவானதற்காக நீரை இழப்பது எந்தக் கணக்கிலும் ஆதாயம் ஆகாது.

பொதுக் கூரைகள்

இதுவரையான கணக்குகள் ஒரு முடிவை நோக்கி இட்டுச் செல்கின்றன. அறிவியலும் பெருமளவு உற்பத்தியும் சேர்ந்து கூரை மின்சாரத்தின் அடக்க விலையை மலிவாக்கிவிட்டன, ஆனால் அந்த மலிவின் பலன் கான்கிரீட் தளமும் உயர்ந்த கட்டணச் சீட்டும் உள்ள வீடுகளுக்கே மிகுதியாகச் சேர்கிறது. வீட்டளவில் பார்த்தால், ஓராண்டின் மின்கட்டணச் சீட்டுகளை எடுத்து மேலடுக்குகளில் எத்தனை யூனிட் விழுகிறது என்று கண்டு, அந்த அளவுக்கு ஏற்ப இரண்டு கிலோவாட்டா மூன்றா என்று முடிவு செய்வதும், சூரிய வீடு திட்டத்தின் தேசிய இணையவாசலில் பதிவு பெற்ற நிறுவனத்திடமிருந்து ஐந்தாண்டுப் பராமரிப்பு உறுதியோடு வாங்குவதும் அறிவார்ந்த வழி. 10 கிலோவாட் வரையான அமைப்புகளுக்குத் தனித் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதி திருத்தப்பட்டிருப்பதால் நடைமுறையும் எளிதாகியிருக்கிறது.

மாதம் 100 யூனிட்டோடு நிற்கும் வீட்டுக்கு இந்த வழி பொருந்தாது, அதைக் கடன் வாங்கித் தகடு பொருத்தத் தூண்டுவதும் முறையாகாது. அந்த வீட்டின் மின்சாரத்தைக் குறைந்த விலையில் தர வேண்டியிருப்பதால் ஏற்படும் இழப்பை மின்துறையும் அரசும் ஆண்டுதோறும் சுமக்கின்றன. அந்த இழப்பைக் குறைக்கும் முதலீடாகப் பள்ளி, சமுதாயக் கூடம், கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் ஆகியவற்றின் கூரைகளில் பொதுச் செலவில் தகடு அமைத்து, விளையும் யூனிட்டுகளைக் குறைந்த நுகர்வுடைய வீடுகளின் கணக்கில் பகிர்ந்து வரவு வைக்கலாம். ஓரிடத்தில் விளையும் மின்சாரத்தைப் பல இணைப்புகளின் கணக்கில் கழிக்கும் முறைக்கு டெல்லியில் 2019 முதலே வழிகாட்டு நெறிகள் உள்ளன. மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்திலும் மாவட்டத்துக்கு ஒரு முன்மாதிரிச் சூரிய கிராமத்துக்கு ஒரு கோடி ரூபாய் ஒதுக்க இடமுண்டு. நாட்டின் சராசரி மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்ற அளவில், மூன்று கிலோவாட் அமைப்பு ஒவ்வொன்றும் ஆண்டுக்கு மூன்று டன் வாயுவைத் தவிர்க்கிறது. அந்த நன்மை ஊர் முழுவதற்கும் பொதுவானது. நன்மை பொதுவாக இருக்கையில், ஓட்டு வீடுகளுக்கும் கீற்று வீடுகளுக்கும் அதில் பங்கு கிடைக்கும்படி செலவையும் பொதுவில் ஏற்பதே நியாயமான கணக்கு, அந்தக் கணக்கைத் தொடங்கக் காட்டேரிக்குப்பம் போன்ற ஊர்களின் பள்ளிக் கூரைகள் போதுமானவை.